நான்கு சக்கரமும் இழுத்தால் மழையில் வழுக்காதா?

கடந்த டிசம்பரில் பெந்தோங்கில் ஒரு திருமண விருந்து முடிந்து என் மாமா குடும்பத்தோடு கோலாலம்பூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். காராக் நெடுஞ்சாலையில் நல்ல மழை. வேகமானி 90ஐக் காட்டிக்கொண்டிருந்தபோது, சாலையில் தேங்கியிருந்த நீரில் கார் ஏறியது. ஸ்டீயரிங் சட்டென்று இலகுவாகிவிட்டது. திருப்பினால் கார் திரும்பவில்லை, பிரேக்கை அழுத்தினால் வேகம் குறையவில்லை. இரண்டு விநாடி இருக்கலாம். பிறகு சக்கரங்கள் மீண்டும் தார் சாலையைப் பிடித்துக்கொண்டன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பின்னிருக்கையில் இருந்த அத்தை அதன்பின் வீடு வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லையாம்.

மாமாவிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ. பார்க்கச் சாதாரண ஐந்து கதவுக் கார்; உள்ளே இருப்பதோ 245 குதிரைத்திறன் இயந்திரம். அடுத்த வாரமே அவர் ஒரு விற்பனைக் கையேட்டுடன் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். அதே காரின் அண்ணன், கோல்ஃப் ஆர். 320 குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம்.

“முன்னால ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்குது, அதான் வழுக்கிடுச்சு. நாலும் இழுத்தா வழுக்காதுல்ல? நீ இயற்பியல் வாத்தியார்தானே, சொல்லு.”

அத்தை என்னைப் பார்த்த பார்வையில் வேறு கணக்கு இருந்தது. பழைய காரை விற்றுவிட்டு, மீதிப் பணத்துக்கு ஒன்பது ஆண்டுக் கடன். பெரியவள் அடுத்த ஆண்டு பல்கலைக்கழகம் போகிறாள். “பிள்ளைங்க பாதுகாப்புக்குன்னா வாங்கித்தான் ஆகணும். இல்லைன்னா வேண்டாம்,” என்றார் அத்தை.

ஆக, கேள்வி தெளிவாக இருக்கிறது. மாணவர்களே, படிவம் 4இல் நீங்கள் படிக்கும் விசையையும் முடுக்கத்தையும் வைத்தே இதற்கு விடை காண முடியும். வாருங்கள், ஒரு தாளும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைத் தள்ளுவது எது?

இயந்திரம் என்பீர்கள். பாதிதான் சரி. இயந்திரம் சக்கரத்தைச் சுழற்றுகிறது, அவ்வளவுதான். காரை முன்னே தள்ளுவது சாலைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு விசை. ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. ஓர் ஒன்றரை டன் கார் முடுக்குவது, நிற்பது, திரும்புவது எல்லாம் இந்த நான்கு உள்ளங்கைகளை நம்பித்தான்.

அந்த உராய்வுக்கு ஓர் உச்சம் உண்டு:

உச்ச உராய்வு விசை = உராய்வுக் குணகம் × டயரின் மேல் அழுத்தும் எடை

காய்ந்த தார் சாலையில் குணகம் சுமார் 0.9 என்று வைத்துக்கொள்வோம். நனைந்த சாலையில் 0.5. இவை தோராயமான மதிப்புகள். டயரையும் சாலையையும் பொறுத்து மாறும். மாமாவின் கேள்விக்கு இவை போதும்.

சமன்பாட்டின் இரண்டாம் உறுப்பைக் கவனியுங்கள். எடை எந்தச் சக்கரத்தின் மேல் இருக்கிறதோ, அந்தச் சக்கரத்துக்குத்தான் பிடிப்பு. ஜி.டி.ஐ.யின் இயந்திரம் முன்னால் இருப்பதால், நிற்கும்போது காரின் எடையில் ஏறத்தாழ 62 விழுக்காடு முன் சக்கரங்களின் மேல் இருக்கிறது. முன் சக்கர இயக்கத்துக்கு இது நல்லதுதானே? நிற்கும்வரை நல்லதுதான்.

பேருந்து சட்டென்று கிளம்பும்போது நிற்பவர்கள் பின்னால் சாய்வதைப் பார்த்திருப்பீர்கள். காரும் அப்படித்தான். முடுக்கும்போது முன் சக்கரங்களின் மேல் இருந்த எடையில் ஒரு பகுதி பின் சக்கரங்களுக்குப் போய்விடுகிறது. எவ்வளவு வேகமாகக் கிளம்ப நினைக்கிறீர்களோ, அவ்வளவுக்கு இழுக்கும் சக்கரங்கள் இலேசாகின்றன. தன் வாலைத் தானே மிதித்துக்கொள்ளும் நாயைப் போல.

எவ்வளவு எடை நகரும்? காரின் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 செ.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். முன், பின் அச்சுகளுக்கு இடையே சுமார் 2.63 மீட்டர். இரண்டின் விகிதம் 0.21. இதை வைத்துத் திருப்புத்திறன் சமன்பாட்டைப் போட்டால், முன் சக்கரக் காரின் உச்ச முடுக்கம் இப்படி வரும்:

காய்ந்த சாலை: 9.8 × (0.9 × 0.62) ÷ (1 + 0.9 × 0.21) = சுமார் 4.6 மீ/வி²

நனைந்த சாலை: 9.8 × (0.5 × 0.62) ÷ (1 + 0.5 × 0.21) = சுமார் 2.75 மீ/வி²

நான்கு சக்கரமும் இழுத்தால்? எடை முன்னிருந்து பின்னுக்குப் போனாலும் வீணாவதில்லை, அங்கேயும் ஓர் இழுக்கும் சக்கரம் காத்திருக்கிறது. ஆகவே காரின் முழு எடையும் பயன்படும். காய்ந்த சாலையில் 9.8 × 0.9 = 8.8, நனைந்த சாலையில் 9.8 × 0.5 = 4.9 மீ/வி².

மழையில் 2.75க்கு எதிராக 4.9. மாமா இதைப் பார்த்ததும் கையேட்டைத் தட்டினார். “பார்த்தியா!”

கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

இவ்வளவு குதிரைகளை எங்கே கட்டுவது?

முதல் கோல்ஃப் ஜி.டி.ஐ. 1976இல் விற்பனைக்கு வந்தபோது அதற்கு 110 குதிரைத்திறன்தான். முன் சக்கரங்கள் அதைச் சிரமமின்றிச் சாலைக்குக் கொண்டு போயின. இன்று அந்தப் பெயரில் வரும் காருக்கு இரு மடங்குக்கு மேல். ஆர் வகைக்கு ஏறக்குறைய மும்மடங்கு.

நிறுவனம் தரும் எண்களையே எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து மணிக்கு 100 கி.மீ. (விநாடிக்கு 27.8 மீட்டர்) வேகத்தை எட்ட ஜி.டி.ஐ.க்கு சுமார் 6.3 விநாடி. சராசரி முடுக்கம் 27.8 ÷ 6.3 = 4.4. நாம் மேலே கண்ட 4.6 என்ற எல்லையை ஒட்டி நிற்கிறது. கோல்ஃப் ஆர் வகைக்கு 4.7 விநாடி. சராசரி 27.8 ÷ 4.7 = 5.9. நம் கணக்குப்படி முன் சக்கரங்களால் மட்டும் இது ஆகாத காரியம். கூடுதல் குதிரைகளை அவிழ்த்துவிட்டால் டயர் புகைதான் வரும். நான்கு சக்கர இயக்கம் அந்தக் காரில் இருப்பதற்கு முதற்காரணம் இதுதான். மழைக்காக என்பது பிறகு வந்து சேர்ந்த நன்மை.

ஓர் இடைச்செருகல். ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரும் சுமார் 320 குதிரைத்திறன் கொண்டது, ஆனால் முன் சக்கரங்கள் மட்டுமே இழுக்கும். அது ஐந்தரை விநாடி வாக்கில் 100ஐத் தொடுகிறது. நம் எல்லையை அது எப்படித் தாண்டியது? குணகம் 1ஐத் தாண்டும் டயர்கள் இருக்கின்றன. 0.9 என்று நாம் போட்ட இடத்தில் 1.05 போட்டுப் பாருங்கள், கணக்கு ஏறக்குறைய சரியாகிவிடும். டயருக்கு இருக்கும் மதிப்பை இங்கேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; பின்னால் தேவைப்படும்.

விரைவான கார்களுக்கு நான்கு சக்கர இயக்கம் என்ற எண்ணத்தை உலகுக்கு உரக்கச் சொன்னது 1980இல் ஜெனீவா கண்காட்சியில் வந்த ஆவ்டி குவாட்ரோ. மறு ஆண்டே அந்தக் காரில் இத்தாலியின் சான்ரெமோ ராலியை வென்றார் பிரான்ஸின் மிஷேல் மூதோன். உலக ராலிப் போட்டி ஒன்றில் வென்ற முதல் பெண் அவர். ராலி என்றால் மண், சரளை, பனி. பிடிப்பு குறைந்த இடத்தில் நான்கு சக்கரத்தின் பலம் பளிச்சென்று தெரிந்தது.

கோல்ஃபில் இருப்பது சற்று வேறுபட்ட அமைப்பு. இயந்திரம் குறுக்காகக் கிடக்கிறது. முன் சக்கரங்கள் எப்போதும் இழுக்கும். அங்கிருந்து ஒரு நீண்ட தண்டு பின்னால் போகிறது. பின் அச்சுக்கு அருகே எண்ணெயில் மூழ்கிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். கணினி கட்டளையிட்டால் ஒரு பம்பு அவற்றை நெருக்கும். நெருக்கினால் பின் சக்கரங்களும் இழுக்கும், தளர்த்தினால் விட்டுவிடும். சுவீடனில் உருவான ஹால்டெக்ஸ் என்ற இணைப்பான் இந்த வேலையை 1990களின் இறுதியில் தொடங்கிவைத்தது. இன்றைய கோல்ஃப் ஆரில் பின் அச்சில் இப்படி இரண்டு அடுக்குகள் உண்டு, இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. வளைவில் வெளிப்பக்கச் சக்கரத்துக்குக் கூடுதல் விசை அனுப்பிக் காரைத் திருப்பவும் உதவுகிறது. அழகான பொறியியல், மறுக்க முடியாது.

நிற்கும்போது என்ன நடக்கிறது?

இப்போது மாமா பயந்த இடத்துக்கு வருவோம். அவர் அன்று வேகமாகக் கிளம்ப முயன்றாரா? இல்லை. நிற்கவும் திரும்பவும் முயன்றார்.

பிரேக் எல்லாக் கார்களிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆகவே நிற்பதில் எல்லாக் கார்களும் ‘நான்கு சக்கரக்’ கார்கள்தாம். நிற்கும் தூரம் இதோ:

தூரம் = வேகத்தின் வர்க்கம் ÷ (2 × குணகம் × 9.8)

மணிக்கு 90 கி.மீ. என்பது விநாடிக்கு 25 மீட்டர். வர்க்கம் 625. காய்ந்த சாலையில் 35 மீட்டர். நனைந்த சாலையில் 625 ÷ 9.8 = 64 மீட்டர். ஓட்டுநர் சுதாரிக்க ஒரு விநாடி எடுத்தால் அதற்கு முன்பே 25 மீட்டர் போயிருக்கும்.

இந்தச் சமன்பாட்டில் எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்பதற்கு இடமே இல்லை. காரின் நிறை கூட இல்லை. நிறை கூடினால் உராய்வும் அதே விகிதத்தில் கூடுவதால் இரண்டும் அடிபட்டுப் போகின்றன. கோல்ஃப் ஆர், தண்டும் தட்டுகளும் சேர்ந்து ஜி.டி.ஐ.யைவிட சுமார் 90 கிலோ கூடுதல் எடை. அதனால் அது தாமதமாக நிற்காது. ஆனால் பிரேக்குகள் சுமார் 6 விழுக்காடு கூடுதல் ஆற்றலை வெப்பமாக்க வேண்டியிருக்கும்.

மாமா தாளை வாங்கி இரண்டு முறை பார்த்தார். “அப்ப ரெண்டும் ஒரே இடத்துலதான் நிக்குமா?”

ஒரே டயர் போட்டிருந்தால், ஒரே இடத்தில்தான்.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறொன்று. முன் சக்கரக் கார் மழையில் கிளம்பும்போது டயர் சுற்றும், முகப்பில் மஞ்சள் விளக்கு மினுக்கும். ‘சாலை வழுக்குகிறது’ என்று கார் சொல்கிறது. நான்கு சக்கரக் கார் அதே சாலையில் சத்தமில்லாமல் கிளம்பி வேகம் எடுத்துவிடும். பிடிப்பு எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது ஓட்டுநருக்குத் தெரிவது முதல் முறை பிரேக்கை அழுத்தும்போதுதான்.

வளைவில் யாருக்கு வெற்றி?

இங்கே மாமாவின் பக்கம் கொஞ்சம் நியாயம் உண்டு. கெந்திங், கேமரன் மலைப் பாதைகளில் ஏறியவர்களுக்கு இது புரியும்.

டயரின் பிடிப்பை ஒரு மாதச் சம்பளம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். முன்னே தள்ளவும் அதிலிருந்துதான் செலவு, பக்கவாட்டில் திருப்பவும் அதிலிருந்துதான். இரண்டும் செங்குத்துத் திசைகள் என்பதால் பித்தாகரஸ் தேற்றப்படி கூட வேண்டும்.

50 மீட்டர் ஆரமுள்ள நனைந்த வளைவு. எரிவாயு மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டால், இரு கார்களும் போகக்கூடிய உச்ச வேகம் 4.9 × 50 = 245இன் வர்க்கமூலம், அதாவது விநாடிக்கு 15.7 மீட்டர், மணிக்கு 56 கி.மீ. வேறுபாடு இல்லை.

இப்போது வளைவிலேயே 2 மீ/வி² முடுக்கத்தோடு மிதிக்கிறோம். முன் சக்கரக் காரில் அந்தச் செலவு முழுவதும் முன் டயர்களின் சம்பளத்திலிருந்து போகிறது. எடை நகர்ந்த பிறகு முன்னால் இருப்பது 58 விழுக்காடு; முன் டயர்களால் தர முடிந்தது, காரின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.5 × 9.8 × 0.58 = 2.84 நியூட்டன். அதில் 2 போய்விட்டது. மிச்சம் 2.84² − 2²இன் வர்க்கமூலம், 2.02. அதைக் கொண்டு காரின் 62 விழுக்காட்டைத் திருப்ப வேண்டும்: 2.02 ÷ 0.62 = சுமார் 3.25 மீ/வி². வேகத்துக்கு மாற்றினால் மணிக்கு 46 கி.மீ. அதைத் தாண்டினால் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் மூக்கை வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நேராகப் போகும்.

நான்கு சக்கரக் காரில் செலவை நான்கு டயர்களும் எடைக்கேற்பப் பகிர்ந்துகொள்வதாகக் கொண்டால்: 4.9² − 2²இன் வர்க்கமூலம் சுமார் 4.5. வேகம் மணிக்கு 54 கி.மீ.

46க்கும் 54க்கும் உள்ள வேறுபாடு சிறியதல்ல. ஆனால் எப்போது? மழையில், வளைவின் நடுவே, மிதியை அழுத்தும்போது மட்டும். காலை எடுத்துவிட்டால் இரண்டும் மீண்டும் 56தான். ஒன்று உங்கள் அவசரத்தை மன்னிக்கிறது, மற்றொன்று மன்னிக்கவில்லை என்று சொல்லலாம்.

அன்று உண்மையில் நடந்தது

கணக்கெல்லாம் போட்ட பிறகு மாமாவையும் அழைத்துக்கொண்டு வாசலில் நின்ற காரிடம் போனேன். என்னிடம் காற்றழுத்தமானியும் டயர் ஆழம் அளக்கும் சிறு அளவுகோலும் உண்டு. குனிந்து அளந்தோம்.

முன் டயர்களின் பள்ளம் 2 மி.மீ. புதிய டயரில் சுமார் 8 மி.மீ. இருக்கும், சட்டம் அனுமதிக்கும் குறைந்த அளவு 1.6. காற்றழுத்தம் 180 கிலோபாஸ்கல். கதவோரம் ஒட்டியிருக்கும் தாளில் அதைவிட மிகக் கூடுதலாகப் போட்டிருந்தது. பக்கவாட்டில் அச்சிட்டிருந்த நான்கு இலக்கங்களில் கடைசி இரண்டும் தயாரான ஆண்டைக் காட்டும். முதல் இரண்டும் வாரம். மாமா அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை.

டயரின் பள்ளங்கள் அழகுக்காக அல்ல. சாலையில் உள்ள நீர் ஒதுங்கி ஓட அவை வாய்க்கால். வாய்க்கால் ஆழம் குறைந்து, வேகம் கூடினால், ஒதுங்க நேரமில்லாத நீர் டயருக்கு முன்னால் ஆப்பு போலச் செருகி அதைத் தூக்கிவிடும். கார் தார் மேல் ஓடுவதில்லை, நீரின் மேல் மிதக்கிறது. குணகம் 0.5 என்ற பேச்சே அங்கே இல்லை, ஏறக்குறைய சுழியம். நான்கு சக்கரத்தையும் இழுக்கச் சொன்னாலும் சுழியத்தை நான்கால் பெருக்கினால் சுழியம்தான்.

எந்த வேகத்தில் மிதக்கும்? 1960களில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் விமானச் சக்கரங்களை வைத்துச் சோதித்து ஒரு எளிய வாய்பாடு கண்டார்கள். கிலோமீட்டரில் எழுதினால்:

மிதக்கும் வேகம் = 6.35 × காற்றழுத்தத்தின் (கிலோபாஸ்கல்) வர்க்கமூலம்

காருக்கு இது தோராயம்தான். பள்ளம் தேய்ந்த டயருக்கு ஓரளவு பொருந்தும். 230 கிலோபாஸ்கல் என்றால் மணிக்கு 96 கி.மீ. 180 என்றால் 85. மாமா அன்று போன வேகம் 90.

அவர் நின்ற இடத்திலேயே படியில் உட்கார்ந்துவிட்டார். “அப்ப புதுக் காடி வாங்கியிருந்தாலும், டயரு இப்படியே இருந்தா...”

அதே இடத்தில் அதே மாதிரி மிதந்திருக்கும். சில கிலோ கூடுதல் எடையோடு.

பிறகு?

அவர் கோல்ஃப் ஆர் வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மலைப்பாதையில் அது தரும் உறுதி உண்மையானது; ஓட்டும் இன்பமும் உண்மையானதே. இரண்டு கார்களின் இயந்திரக் கொள்ளளவும் 1,984 கன செ.மீ. என்பதால் தீபகற்ப மலேசியாவில் சாலை வரிகூட ஒன்றுதான், 372 ரிங்கிட். ஆனால் எண்ணெய் கூடுதலாகக் குடிக்கும். பின் அச்சின் தட்டுகளுக்குத் தனி எண்ணெய் மாற்ற வேண்டும். டயர் விஷயத்திலும் கறார். ஒரு பக்கம் 8 மி.மீ., மறுபக்கம் 3 மி.மீ. என்று கலந்து போட்டால் ஆரத்தில் 5 மி.மீ. வேறுபாடு, சுமார் 320 மி.மீ. ஆரத்தில் அது 1.6 விழுக்காடு. அவ்வளவு வேறுபாட்டுடன் முன், பின் சக்கரங்கள் ஓயாமல் வெவ்வேறு வேகத்தில் சுழன்றால் இடையில் உள்ள தட்டுகள்தாம் உரசித் தேயும். அதனால் பெரும்பாலும் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டிவரும்.

‘இன்பத்துக்காக வாங்குகிறேன்’ என்று மாமா சொன்னால் அது அவர் பணம், அவரும் அத்தையும் பேசிக்கொள்ள வேண்டியது. ‘பாதுகாப்புக்காக’ என்றால் அந்தப் பணத்தில் மிகச் சிறிய பகுதியே போதும் என்பதுதான் என் கணக்கு.

மறுநாள் காலை பட்டறையில் நான்கு புதிய டயர்கள் மாட்டினார். விற்பனைக் கையேடு இன்னும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அதை அத்தையும் பார்த்திருக்கிறார், நானும் பார்த்திருக்கிறேன்.

நீங்களும் போட்டுப் பாருங்கள்: உங்கள் வீட்டுக் காரின் கதவோரத் தாளில் உள்ள காற்றழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, அது மிதக்கும் வேகத்தைக் கணக்கிடுங்கள். பிறகு பெட்ரோல் நிலையத்தில் அப்பாவோ அம்மாவோ காற்று நிரப்பும்போது, நிரப்புவதற்கு முன் மானி காட்டும் எண்ணைப் பார்த்து மீண்டும் கணக்கிடுங்கள். மானி பி.எஸ்.ஐ. அலகில் காட்டினால் 6.9ஆல் பெருக்கினால் கிலோபாஸ்கல் கிடைக்கும்.